ஆப்டோமெட்ரி படிப்பின் வாயில்: கல்வராயன் மலை மாணவருக்கு நுழைவுத் தேர்வு எங்கே நடக்கிறது?

ஆப்டோமெட்ரி எனப்படும் கண் பார்வைப் பரிசோதனைப் படிப்பில் சேர எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று கள்ளக்குறிச்சி மாவட்டத்து மாணவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. தமிழ்நாட்டின் கலந்தாய்வு இடங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது; மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வின் மதிப்பெண்ணே அங்கு அளவுகோல். அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் நீட் மதிப்பெண் கேட்கப்படுகிறது. புதுதில்லி எய்ம்ஸ் தனக்கென ஒரு தேர்வை நடத்துகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், எழுதத் தேவையில்லாத தேர்வுக்கு அஞ்சி ஒதுங்குவோரும், எழுத வேண்டிய தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தவறுவோரும் முதல் தலைமுறை மாணவர்களே.

இதற்கிடையில், 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், இப்படிப்புகள் அனைத்துக்கும் நாடு முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வு வைக்க வழி திறந்து வைத்திருக்கிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் குறித்து நாம் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இது குறித்துப் பேசவில்லை. இன்றுள்ள வாயில்கள் எவை, அவற்றில் நம் மாணவர் தடுக்கி விழும் இடங்கள் எவை, மூடப்படக்கூடிய வாயில் எது என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது.

கண் ஒரு சமூகநீதிக் கேள்வி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பட்டியல் சாதி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. எனவேதான் உயிர் பிழைத்தவர்களிடையிலும் பார்வை இழந்தோர் இருந்தனர். பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம், விழுப்புரம், ஜிப்மர் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். வழக்கு விசாரணையை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

சிதைந்த பார்வை நரம்பைக் கண்ணாடி சரிசெய்யாது. ஆனால் எஞ்சிய பார்வை எவ்வளவு என்று அளப்பதும், அதைப் பயன்படுத்தக் கருவிகள் பொருத்திப் பழக்குவதும் ஆப்டோமெட்ரி வல்லுநரின் பணி. இது பேரிடர்க் காலத்துக்கு மட்டும் உரியதன்று. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. கரும்பலகை தெரியாததால் பின்தங்கும் பிள்ளையை 'மக்கு' என்று முத்திரை குத்துவதும், ஊசியில் நூல் கோக்க முடியாத தாயை 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுவதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

ஆப்டோமெட்ரி என்றால் என்ன

கண் நலத் துறையில் மூன்று பணிகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர் கண் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்பவர் அவரே. மருத்துவரோ வல்லுநரோ எழுதிய அளவுக்கு ஏற்பக் கண்ணாடி செய்து பொருத்துபவர் கண்ணாடிக் கடைக்காரர். இருவருக்கும் இடையில் நிற்பவர் ஆப்டோமெட்ரி வல்லுநர். பார்வையை அளப்பது, கண்ணாடியின் திறனைக் கணிப்பது, கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் சோதித்து நோய் அறிகுறியை முன்கூட்டியே கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை அவரது பணிகள்.

தமிழ்நாட்டில் இதன் பட்டப்படிப்பு பி.ஆப்டம் என அழைக்கப்படுகிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். இந்தியாவின் முதல் நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு 1985-இல் சென்னையில், சங்கர நேத்ராலயாவின் எலீட் கல்லூரியில் தொடங்கியது. இதற்குக் கீழ்ப்படியில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாம் காணும் கண் மருத்துவ உதவியாளர் பணி அப்படிப்போடு தொடர்புடையது. பட்டப்படிப்பு கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருத வேண்டியதில்லை.

இன்றுள்ள மூன்று வாயில்கள்

முதல் வாயில், தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு. மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான சேர்க்கையைச் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) பாடங்களின் பிளஸ் டூ மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாராகிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இங்கு பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்பிரிவு எவருடைய தனி ஒதுக்கீடும் அன்று. அதிக மதிப்பெண் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் அதில் முழு உரிமை உண்டு. அப்படி இடம் பெற்றவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் வாயில், ஜிப்மர். முன்பு தனித் தேர்வு நடத்திய இந்நிறுவனம், ஆப்டோமெட்ரி உள்ளிட்ட துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு இப்போது நீட் மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைச் சேர்க்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்க எண்ணமில்லாத மாணவரும் நீட் எழுதினால்தான் இவ்வாயில் திறக்கும். 180 வினாக்கள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம் என்பது 2025 முதலான நீட் அமைப்பு. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும்.

மூன்றாம் வாயில், புதுதில்லி எய்ம்ஸ். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு அது நடத்தும் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் வினவப்படுகிறது. ஆப்டோமெட்ரிக்கு உயிரியல் படிக்காத கணிதப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். மத்திய நிறுவனம் என்பதால் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் நூற்றில் ஓர் இடத்துக்குப் போட்டியிடும் கல்வராயன் மலைப் பழங்குடி மாணவருக்கு இந்த எண்கள் பொருளற்றவை அல்ல.

இம்மூன்றில், நம் மாணவரில் மிகப் பெரும்பான்மையோருக்கு நடைமுறையில் திறந்திருப்பது முதல் வாயிலே. எனவே அதை முதலில் புரிந்துகொள்வோம்.

வகுப்பறையே தேர்வுக்கூடம்

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு 1984-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் அறிமுகமாயிற்று. பயிற்சி மையங்கள் இருந்த நகரத்துக்கும் அவை இல்லாத சிற்றூருக்கும் இடையே அது ஒரு சுவரை எழுப்பியது. கல்வியாளர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, கலைஞர் ஆட்சியில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் (2007-இன் 3-ஆவது சட்டம்) அத்தேர்வை நீக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் அதை உறுதிசெய்தது. மருத்துவத்தில் 2017 முதல் நீட் அச்சாதனையைக் குலைத்தது. மாநிலக் கலந்தாய்வின் துணை மருத்துவப் படிப்புகளில் பிளஸ் டூ மதிப்பெண் இன்னும் அளவுகோலாக நீடிக்கிறது.

இதன் பொருள் எளிது. மாணவர் தம் பள்ளியில், தம் ஆசிரியரிடம், தாய்மொழியில் படிக்கும் பாடமே நுழைவுத் தேர்வுக்கான பாடம். தனியே ஒரு பயிற்சி மையத்துக்கு ஓராண்டும் பெருந்தொகையும் செலவிட வேண்டியதில்லை.

ஆப்டோமெட்ரியைப் பொறுத்தவரை இன்னொரு நன்மையும் உண்டு: அப்படிப்பின் அடித்தளம் பாடநூலிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியின் கதிர் ஒளியியல், அலை ஒளியியல் அலகுகளில் லென்சுகளும், ஒளியியல் கருவிகளும், கண்ணின் குறைபாடுகளும் வருகின்றன. பதினொன்றாம் வகுப்பு விலங்கியலின் நரம்புக் கட்டுப்பாடு பற்றிய பாடத்தில் கண்ணின் அமைப்பு வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது மனப்பாடத்தைக் குறைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு 50 செ.மீ.க்கு அப்பால் உள்ளவை தெளிவாகத் தெரியவில்லை. அதாவது அவரது சேய்மைப் புள்ளி 50 செ.மீ. இது கிட்டப்பார்வை. தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தை 50 செ.மீ.க்குக் கொண்டுவரும் குழிலென்சு அவருக்குத் தேவை. குவியத் தொலைவு −0.5 மீட்டர், லென்சின் திறன் அதன் தலைகீழ், அதாவது −2 டயாப்டர். இன்னொருவருக்கு வெள்ளெழுத்து, 100 செ.மீ.க்கு உட்பட்டது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அவர் 25 செ.மீ. தொலைவில் படிக்க விரும்புகிறார். லென்சுச் சமன்பாட்டில் u = −25, v = −100 என இட்டால் குவியத் தொலைவு 33.3 செ.மீ. எனக் கிடைக்கும், அவருக்குத் தேவை +3 டயாப்டர் குவிலென்சு. இது பொதுத்தேர்வுக் கணக்கு. ஆப்டோமெட்ரி வல்லுநரின் அன்றாடக் கணக்கும் இதுவே. வீட்டில் பாட்டியின் கண்ணாடியைக் கையில் எடுத்து, வெயிலைச் சுவரில் குவித்துக் குவியத் தொலைவை அளந்து பார்க்கும் மாணவருக்கு இப்பாடம் மறக்காது. அவ்வொளியைத் தாளிலோ கண்ணிலோ படவிடக் கூடாது என்று மட்டும் சொல்லிவைக்க வேண்டும்.

அறிவியல் பாடம் ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கும், 20 செய்முறைக்கும், 10 அக மதிப்பீட்டுக்கும் உரியவை. செய்முறையில் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் காணும் சோதனை உண்டு. அதற்குப் பழுதில்லாத கருவியும், சோடிய விளக்கும், இருட்டறையும் வேண்டும். ஒரு பள்ளியில் அக்கருவி அலமாரியில் பூட்டிக் கிடந்தால், மாணவர் இழப்பது சில மதிப்பெண்களை மட்டுமன்று. தாம் சேர விரும்பும் படிப்பின் முதல் கருவியைத் தொடும் வாய்ப்பையும் இழக்கிறார்.

வகுப்பறை வலுவாக இருந்தால்தான் மதிப்பெண் முறை நீதியாக இருக்கும். நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று சொல்லும் நாம், இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதைப் பற்றி மௌனம் காத்தால், நம் வாதத்தில் பாதியை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.

மலையும் சமவெளியும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29.37 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 20 விழுக்காடு. அதாவது, மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகத் தலித் மக்கள் வாழும் நிலப்பகுதி இது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் கள்ளக்குறிச்சிக் கல்லூரியும் ஒன்று. மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. மாவட்டத்துப் பிள்ளைகள் அதனுள் வெள்ளை அங்கியோடு நுழைவது எப்போது என்பதே கேள்வி.

மலையின் கதை இன்னும் கடினமானது. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இன்று பிளஸ் டூ படிக்கும் மலையாளிப் பழங்குடி மாணவரின் தாத்தா, பாட்டி தலைமுறை ஜாகிர் ஆட்சியில் வாழ்ந்தது. இன்று வெள்ளிமலை வட்டத் தலைமையிடம். அங்கே ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி உண்டு. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இயங்குகின்றன. இருப்பினும் சாலை, பேருந்து, மருத்துவம், கல்வி எனும் அடிப்படைகளே முழுமை பெறவில்லை. 2024-இல் சாராயச் சாவுகளுக்குப் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது இதன் காரணமாகவே.

இணையத்தில் மட்டுமே விண்ணப்பம் என்ற நிலையில், கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையும் பேருந்து நேரமும் சேர்க்கை விதியின் பகுதிகளாகிவிடுகின்றன. தேர்வு முடிவுக்கும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கும் இடையிலுள்ள சில வாரங்களுக்குள் மாணவர் இ-சேவை மையத்துக்கும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மலையிறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

சான்றிதழ்: எழுதப்படாத இரண்டாம் தேர்வு

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மாணவி ஒருவர் தம் தந்தையுடன் என்னைச் சந்திக்க வந்தார். ஆப்டோமெட்ரியே அவரது முதல் விருப்பம், மதிப்பெண்ணிலும் குறையில்லை. பழங்குடிச் சான்றுக்கான அவரது விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. தந்தையின் சான்று 1988-இல் வட்டாட்சியர் கையொப்பமிட்டது. கோட்டாட்சியர் வழங்காத சான்று செல்லாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தனர்.

அது சட்டத்துக்குப் புறம்பானது. பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது 1989 நவம்பர் 11 தேதியிட்ட 2137-ஆம் எண் அரசாணையால்தான். அதற்கு முன் வட்டாட்சியர் வழங்கியவை செல்லத்தக்கவை. இதை எழுத்தில் கொடுத்து, மேல்முறையீடு செய்வோம் என்றும் தெரிவித்த பிறகு சான்று வந்தது. அதற்குள் முதல் சுற்றுக் கலந்தாய்வு முடிந்துவிட்டது. அவர் அவ்வாண்டு வேறொரு படிப்பில் சேர்ந்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது; நாட்காட்டி இல்லை.

எனவே மாணவரும் செயற்பாட்டாளரும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. மலையாளி சாதியினர் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் பழங்குடியாக அறிவிக்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் ஆணைப் பட்டியலில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய பழைய மாவட்டங்களின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. கள்ளக்குறிச்சி அப்பட்டியலில் இல்லையே என்று எவரேனும் கேட்டால், அது பழைய தென் ஆற்காட்டின் பகுதி என்பதே விடை. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியரும், பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வழங்குவர். சான்றின் உண்மைத் தன்மையில் ஐயம் எழுந்தால், 1994-ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி கூர்நோக்குக் குழுவே விசாரிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு 108-ஆம் எண் அரசாணையின்படி பழங்குடிச் சான்றுக்கு மாநிலக் குழுவும், பட்டியல் சாதிச் சான்றுக்கு மாவட்டக் குழுவும் உரியவை. கல்லூரி அலுவலகம் தானே நீதிபதியாக அமர்ந்து சான்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

சாதிச் சான்றுக்குப் பிளஸ் டூ முடிவுக்குப் பின் அலைவது தவறான வரிசை. பத்தாம் வகுப்பிலேயே அது கையில் இருக்க வேண்டும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறைக்குள் முடித்துக்கொள்ளலாம்.

கட்டணம் தடையாகக் கூடாது

ஆப்டோமெட்ரி இடங்களில் பெரும்பகுதி தனியார் கல்லூரிகளில் உள்ளது. அங்கே கட்டணத்தைக் கேட்டதும் பின்வாங்குவோர் அறிய வேண்டியது, 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் 92-ஆம் எண் அரசாணை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கும், மதம் மாறிய கிறித்தவ ஆதி திராவிட மாணவர்க்கும், சுயநிதிக் கல்லூரிகளில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது அது. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கான பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு இப்போது 2.5 லட்சம் ரூபாய்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இவ்வுதவி கிடைக்காது. 'இன்றே சேர்ந்தால் சலுகை' என்று முகவர் சொல்லும் இடம் பெரும்பாலும் அத்தகையதே. கலந்தாய்வின் வழியே ஒதுக்கீட்டு ஆணை பெற்றுச் சேருவதே பாதுகாப்பு. உதவித்தொகை வரும் வரை முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லி மாணவரைத் திருப்பி அனுப்பும் கல்லூரிகள் குறித்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள், பட்டியல் சாதி மாணவர் முன்பணமின்றிச் சேர ஃப்ரீஷிப் அட்டை முறையை வகுத்துள்ளன.

கடைசி நாளில் பணம் புரட்ட முடியாமல் இடம் இழந்தால் சட்டத்தில் வழியில்லை என்று கருத வேண்டாம். 17,500 ரூபாய் கட்டணத்தை உரிய நிமிடத்துக்குள் செலுத்த இயலாத உத்தரப்பிரதேசத் தலித் மாணவர் ஒருவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் வழங்குமாறு 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி ஆணையிட்டது. அது அந்த வழக்குக்கான தீர்வு. எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதன்று. ஆயினும் இடம் பறிபோன அன்றே எழுத்தில் முறையிட்டுச் சான்றுகளைப் பாதுகாத்தவருக்கே நீதிமன்றக் கதவைத் தட்ட முடியும் என்பதை அது காட்டுகிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விடுதியும் பேருந்தும் போக மீதமிருக்கும் செலவுக்கு அது ஓரளவு தாங்கும்.

2021 சட்டம்: மெல்ல மூடப்படும் கதவு

தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணித்துறை ஆணையச் சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. ஆப்டோமெட்ரி, பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கத் தொழில்நுட்பம் முதலிய பல பணிகளை அது ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது. பதிவேடு, பாடத்திட்டத் தரம், பணித் தகுதிக்கான சட்டப் பாதுகாப்பு ஆகியவை அதன் நல்ல பக்கம். போலிப் பட்டயங்களை விற்கும் நிறுவனங்களால் ஏமாற்றப்பட்டோர் நம் பிள்ளைகளே என்பதால் அத்தகைய ஒழுங்குமுறையை நாம் எதிர்க்கக் காரணமில்லை.

ஆனால் ஆணையத்தின் பணிகளைச் சொல்லும் 11-ஆவது பிரிவில், பட்டயம் முதல் முனைவர் பட்டம் வரை ஒரே சீரான நுழைவுத் தேர்வும் பொதுக் கலந்தாய்வும் இடம்பெற்றுள்ளன. எந்தத் தேர்வு, எப்போது என்பதைப் பின்னர் ஒழுங்குமுறைகள் தீர்மானிக்கும். நாடாளுமன்ற விவாதமோ பெருந்திரள் போராட்டமோ இல்லாமல், ஓர் அரசிதழ் அறிவிக்கை மூலம் மேற்சொன்ன முதல் வாயில் மூடப்படலாம். ஜிப்மரில் ஆப்டோமெட்ரிக்கு நீட் வந்தது நமக்கு முன்னறிவிப்பு.

அது வந்தால் என்ன நேரும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. நீட் வந்த பின் கிராமப்புற, தமிழ்வழி, அரசுப் பள்ளி மாணவரின் மருத்துவச் சேர்க்கை சரிந்ததை நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் ஆவணப்படுத்தியது. அதன் அடிப்படையில் தமிழ்நாடு நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்த மசோதாவும் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகியவற்றைக் குறித்ததே. ஆப்டோமெட்ரி அதில் இல்லை.

சட்ட நிலை என்ன? கல்வி 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலின் 25-ஆவது பதிவுக்குச் சென்றது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைப்பது மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவு. 2016-இல் மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கில், சேர்க்கையை முறைப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு கூறியது. ஆயினும் பொதுப்பட்டியலில் மத்திய, மாநிலச் சட்டங்கள் முரண்பட்டால் 254-ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டம் மேலோங்கும்; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தையும் பின்வரும் நாடாளுமன்றச் சட்டம் மாற்ற முடியும். எனவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஒழுங்குமுறை வரைவாக இருக்கும்போதே எதிர்ப்பைப் பதிவுசெய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, நிறமாலைமானி உள்ளிட்ட ஆய்வகக் கருவிகள் இயங்குநிலையில் உள்ளனவா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்க வேண்டும். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் முதலிடம் பெற வேண்டும்.

இரண்டு: சேரிகளிலும் மலைக் கிராமங்களிலும் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. 2025-26 முதல் அவ்வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. ஆனால் நீட், எய்ம்ஸ் இரண்டிலும் அப்பாடம் வினவப்படும். பிளஸ் டூ ஒளியியலுக்கும் அதுவே அடித்தளம்.

மூன்று: சாதிச் சான்று நிலுவையில் உள்ள மாணவர் பட்டியலை ஆண்டுதோறும் ஜனவரிக்குள் தயாரித்து, மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வெள்ளிமலையிலேயே சான்றிதழ் முகாமும் கலந்தாய்வு விண்ணப்ப முகாமும் நடத்தக் கோர வேண்டும்.

நான்கு: நிர்வாக ஒதுக்கீட்டில் யாரும் அவசரப்பட்டுச் சேராதபடி, தேர்வு முடிவு வரும் வாரத்திலேயே ஊர் ஊராகத் தகவல் சொல்ல வேண்டும். கல்லூரிக்கு அரசு அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்து: துணை மருத்துவப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு கூடாது என்பதை நீட் எதிர்ப்பு இயக்கத்தின் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிச் சட்ட நடவடிக்கை எடுக்கக் கோர வேண்டும்.

கருணாபுரத்திலும் வெள்ளிமலையிலும் கண் பரிசோதனை செய்யப் போகிறவர் அவ்வூர் மொழியும் வலியும் அறிந்தவராக இருப்பது நோயாளிக்கும் நன்மை. அதற்கு இன்று நம்மிடமுள்ள வாயில், நம் அரசுப் பள்ளியின் பிளஸ் டூ வகுப்பறை. அதை வலுப்படுத்துவதும் பறிபோகாமல் காப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.